சாம்பிராணி என்று நீ எழுதாத நாள்

மீட்டிங் முடிந்து வெளியே வந்தால், எதிர்க் கடையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி! பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவே தனியாக நின்று சிரித்தேனடி. கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். உன்னிடம் சொல்லத் துடிக்கிற சேதி இருக்கிறது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்துவராமலே போய்விட்டாய், யாரிடம் சொல்ல?

அந்த ஆயுதபூஜை நினைவிருக்கிறதா? சிவகாசிக் காற்றில் எம்புட்டு தூசி என்று அளக்கும் நம் மெஷின், நமக்கு மாடியை விட்டுத்தந்த மதினி வீட்டு மொட்டைமாடியில் உறுமிக்கொண்டிருக்கும். வெள்ளை பில்டர் பேப்பரை வைத்துவிட்டுப் போவோம், மறுநாள் எடுத்து எடை போடுவோம். சட்டம் சொன்ன அளவைத் தாண்டினால் மேலிடத்துக்கு அறிக்கை போகும். அன்றைக்கு மாடியேறிப் பார்த்தால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை! உள்ளே பேப்பர் அடுப்பில் வைத்த சட்டியின் அடிபோலக் கருத்திருந்தது. "ஊருக்காக நிக்காம மூச்சு வாங்குதே பாவம்னு, வாய்கிட்டயே சாம்பிராணி காட்டுனேம்மா" என்றாள் மதினி. வயிறு வலிக்கச் சிரித்தோம். 'சாம்பிராணிப் புகை, கணக்கில் சேராது' என்று எழுதிவிட்டுப் புதுப் பேப்பர் வைத்தாய்.

அடுத்த வாரமே வினை வந்தது. தீபாவளி சீசன் உச்சம். லோடு லாரிகள் ஓயவில்லை. பட்டாசுக் கம்பெனிக் கழிவுகளை ஊரோரம் குவித்துக் கொளுத்தினார்கள். பேப்பர் மறுபடி கருத்தது, அளவு தாண்டிவிட்டது. நம் சூப்பர்வைசர் குரலைத் தணித்து, "இதையும் சாம்பிராணின்னு போட்டுருங்கம்மா. சீசன்ல கம்பெனியைப் பூட்டுனா ஊரே அடிக்க வரும்" என்றார். உன் வீட்டுக்காரருக்கும் நாரணாபுரத்துக் கம்பெனியில்தானே வேலை? போனஸ் வேறு வரும் நேரம். நீ பேனாவைத் திறந்தாய். "அன்னைக்குச் சாம்பிராணி போட்டாக, எழுதுனேன். இன்னைக்கு யாரும் போடலயே சார்." கூடின அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

மேலிடத்து உத்தரவில் கம்பெனிகளைச் சில நாள் பூட்டினார்கள். தொழிலாளர் சங்கத்து அண்ணாச்சி நடுத்தெருவில் நின்று, "சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று உன்னைப் பார்த்துக் கத்தினார். உன் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்குடி. அதுக்காகக் காத்து மாறிருமா?" என்றாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இப்போது கேள்! கழிவு கொளுத்துவது அடங்கியது, புழுதி பறந்த ரோடுகளுக்குத் தார் வந்தது. இந்த வருசச் சராசரி சட்ட அளவுக்குள் வந்துவிட்டது. ஆமாடி, உள்ளே! மீட்டிங்கில் நான்தான் எழுந்து வாசித்தேன். சென்னையிலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, "சிவகாசியிலா? இதை எப்படிம்மா நம்புறது?" என்றார். நான் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினேன். பின்வரிசையில் எழுந்தது யார் என்கிறாய்? அதே அண்ணாச்சி!

"நம்பலாம் சார். தன் வீட்டுப் பொழப்பே போகும்னு தெரிஞ்சும், கூடுனதைக் கூடுனதுன்னு எழுதுன புள்ள இருந்த இடம் இது."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அளவைக் குறித்துக்கொண்டார். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன், சந்தோசத்தில்தான்.

நாளைக்கும் மாடியேறுவேன். நல்ல அளவே வரட்டும் என்று கொள்ளை ஆசை இருக்கிறது. ஆனால் வந்ததைத்தான் எழுதுவேன், ஆசையை எழுத மாட்டேன்.