தீப்பெட்டியில் ஒரு சிப்பாய்

டெல்லி,
செப்டம்பர் 1999

அன்புள்ள விஜயராஜுக்கு,

நீயும் சுதாராணியும் சுகம்தானே? மருமகளோடு சண்டை போட்டு நான் டெல்லிக்கு வந்ததாகக் கோவில்பட்டியில் பேசுகிறார்களாம். பொய். விடுதி வார்டன் வேலைக்கு வந்தேன், நலமாகவே இருக்கிறேன்.

கார்கில் சண்டைக்காக நம் தீப்பெட்டி ஆலையில் நீ சிப்பாய் படம் போட்டு அனுப்பிய பெட்டிகளை இங்கே எல்லாரிடமும் பெருமையாகக் காட்டினேன். நேற்று, குச்சி தீர்ந்த பெட்டியைக் குப்பையில் எறிந்தேன். அந்தச் சண்டையில் தகப்பனை இழந்து இந்த விடுதியில் தங்கிப் படிக்கும், நம் ஊருக்குப் பக்கத்துப் பசுவந்தனைப் பெண் அமுதவள்ளி அதை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

“எங்கப்பாவும் இதே உடுப்புலதான் இருந்தாவ, வார்டனம்மா. இங்கன போடாதீங்க.”

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தீர்ந்த பெட்டி எங்கே போகும் என்று நாம் யோசிக்கவே இல்லை. நன்றாக விற்றாலும் வேண்டாம்; பழைய சேவல் படத்தையே போடு.

கடலைமிட்டாய் அனுப்பு, இரண்டு பேருக்கு. படத்தை மாற்றிவிட்டாயா என்று பதில் எழுது.

அம்மா