உன் வலது தோள்

இன்று மகள் நீச்சல் வகுப்பால் வந்து ஈரத் துவாயை என் கட்டிலில் எறிந்துவிட்டுப் போனாள். திட்டுவதற்காகத்தான் அதைக் கையில் எடுத்தேன். குளோரின் மணம் மூக்கில் ஏறியதும் திட்டு மறந்துபோயிற்று, நீ வந்து நின்றாய். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில் நான் துப்புரவு வேலை செய்த நீச்சல் தடாகத்திலும் இதே மணம்தான்.

பெர்லின் சுவர் விழுந்தபின் கிழக்கு ஜெர்மனியில் உன் ஊர் நீச்சல் கழகத்தை மூடிவிட்டார்கள். சிறுமியாகவே பிரீஸ்டைலில் பதக்கங்கள் வாங்கியவள், பயிற்சிக்கு இடம் தேடி இவ்வளவு தூரம் வந்திருந்தாய். நான் மன்னாரிலிருந்து வந்தவள். இரண்டு பேருக்கும் அரைகுறை இத்தாலியன். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு கதைத்தோம்! என் நினைவில் நீ பேசியதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே இருக்கிறது.

ஜெர்மன் அணித் தேர்வுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், உடை மாற்றும் அறையில் சவரக் கத்தியை என்னிடம் நீட்டினாய். கை, கால், முதுகு எல்லாம் வழித்துவிட வேண்டுமாம். நேர்த்திக்கு மொட்டை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

"எந்தப் புனிதருக்கடி நேர்த்தி?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாய். பெரிய போட்டிக்கு முன் நீச்சல்காரர் எல்லாரும் செய்வதுதானாம். அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகுமாம்.

வலது கையைத் தூக்கச் சொன்னேன். உன்னால் முடியவில்லை. நானே பிடித்து மெல்லத் தூக்கினேன். உன் உதடு வெளிறிவிட்டது.

"இந்தத் தோளோடை எப்பிடியடி நீந்தப் போறாய்?"

"சூடேறினால் அசையும் அக்கா. இதுதான் எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அம்மா அறிஞ்சால் தாங்கமாட்டா. நடக்கப் பழகின கையோடை என்னைத் தண்ணிக்குள்ளை இறக்கினது அவதான்."

நீ போன பிறகு சாந்தா ரொசாலியா புனிதையின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். சைவக்காரர், வேதக்காரக் கிறிஸ்தவர் என்றில்லாமல் இங்குள்ள எங்கள் சனம் ஏறுகிற மலை. உன் தோளைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை. புனிதைக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை போலும்.

சாமான்களை எடுத்துப் போக ஒருமுறை வந்தாய். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோது, உன் கையில் புதிதாக முளைத்த மயிர் என் கழுத்தில் குத்தியது. தேர்வில் பாதித் தூரம் நீந்தும்போதே தோள் நின்றுவிட்டதாகச் சொன்னாய்.

"இனி வழிக்கத் தேவையில்லை அக்கா."

ரயில் போனபின் நடைமேடையிலேயே நின்று அழுதேன். அதன்பின் நீ போட்டிகளில் நீந்தவில்லை. சில வருடங்களில் நோய் வந்து உன்னையும் கொண்டுபோயிற்று.

உன் அடக்கத்துக்கு ஜெர்மனியிலிருக்கும் என் தம்பியை அனுப்பினேன். அங்கிருந்தே போன் எடுத்தான்.

"அக்கா, தாய் பக்கத்திலை நிக்கிறா. இஞ்சை ஒரே அழுகை. பலெர்மோவிலை இருக்கேக்கையே மகளுக்குத் தோள் நொந்ததோ, தான்தான் பிள்ளையை வருத்தினதோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு. நோவே இல்லாமல் சிரிச்சுக்கொண்டுதான் போனவள் எண்டு சொல்லு."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் என் வாய்த்துடுக்கு, கோபம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொய்யை மட்டும் குருவானவரிடம் சொல்வதில்லை. சொன்னால், இனிச் செய்யமாட்டேன் என்றும் சொல்ல வேண்டுமே. உன் அம்மா நாளைக்குத் திரும்பக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.