இரண்டு சீட்டு வண்டி

திண்டுக்கல்,
19 ஜனவரி 2025

அன்புள்ள பிராங்கிளின் அண்ணனுக்கு,

அந்தக் காரில் முதலில் என் கண்ணில் பட்டது சீட்டுதான். இரண்டே இரண்டு. பின்னால் ஒரு குழந்தையைக்கூட உட்கார வைக்க முடியாது. பை வைக்க ஒரு பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ சொன்னபடி வத்தலக்குண்டு ரோட்டில் சகாயராஜ் அண்ணன் ஷெட்டுக்கு நேற்றுப் போனேன். வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். முகம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். அவரே பார்த்துவிட்டார். "யாரும்மா அது, கோயில் வரிக்கு வந்தியா?" என்றார். "இல்லண்ணே, காருக்கு" என்றேன். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் கார் அழகாகத்தான் இருக்கிறது அண்ணா. நீண்ட மூக்கு, உருண்டைக் கண், கூரை கிடையாது. அறுபது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் வண்டி மாதிரியே ஃபைபரில் அச்சு எடுத்திருக்கிறார். உள்ளே இருப்பது நாம் கேட்கிற இன்ஜின். மூன்று சிலிண்டர் சின்னது ஒன்று, நான்கு சிலிண்டர் பெரியது ஒன்று. சக்கரமும் இரண்டு வகை. சைக்கிள் மாதிரி பளபளவென்று கம்பி வைத்தது, நடுவில் மூடி போட்ட தட்டுச் சக்கரம். எது வேண்டும் என்று நீ முடிவு செய்து எழுது.

கல்யாண வாடகைக்கு விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையும் பொண்ணும் உட்கார்ந்துவிட்டால் டிரைவர் எங்கே உட்காருவார்? இதையும் எழுது.

வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மா இடுப்பில். ஸ்பீக்கரில் போட்டால் எனக்கு வார்த்தையே வருவதில்லை. அதனால் கடிதமே போடு. அம்மா பூக் கட்டிக்கொண்டே உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். இப்போது அவளுக்கு இன்ஜினைப் பற்றி எல்லாம் தெரியும்.

உன் தங்கச்சி,
ரூபி

ஒரகடம்,
27 ஜனவரி 2025

ரூபிப் பாப்பாவுக்கு,

நீ உள்ளே போய்ப் பேசினாய் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. அடுத்த முறை அழாமல் பேசு.

இன்ஜின் பெரியதுதான். கொடைக்கானல் ஏற்றத்தில் சின்னது மூச்சு வாங்கும். சக்கரம் கம்பிதான், அதில் பேச்சே இல்லை. கம்பிச் சக்கரம் இல்லையென்றால் அது காரே இல்லை, சக்கரம் வைத்த தண்ணித் தொட்டி.

டிரைவர் எதற்கு? மாப்பிள்ளையே ஓட்டட்டும். காலம் மாறிவிட்டது.

ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல். இடது பக்கக் கதவு லேசாகத் திறக்குமா? சேலையோ வேறு நீளமான உடுப்போ போட்டவர்கள் ஏறி இறங்கினால் துணி மாட்டாமல் இருக்குமா?

அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்,
பிராங்கிளின்

திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தைலம் வந்தது. நிலக்கோட்டைப் பூச் சந்தையில் மல்லி விலை இன்னும் இறங்கவில்லை, ஆனாலும் அம்மா விடியற்காலை பஸ்ஸில் போய் வாங்கிவந்துகொண்டுதான் இருக்கிறாள். மாப்பிள்ளையே கார் ஓட்டுவான் என்று நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "ஏன், பொண்ணு எறங்கித் தள்ளுவாளாமா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

இன்றைக்கு மறுபடி ஷெட்டுக்குப் போனேன். சகாயராஜ் அண்ணன் தரையில் உட்கார்ந்து பிளேடால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே விற்ற வண்டி ஒன்று, வாங்கியவருடைய கல்யாணத்துக்கே போய்விட்டு வந்திருக்கிறது. பேனட்டில் கட்டிய பூச்சரம் அவிழ்ந்து கம்பிச் சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டுவிட்டதாம். ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் நசுங்கிய மல்லி. நான் பக்கத்தில் குத்தவைத்து, முடிச்சு எங்கே என்று பார்த்து நாரை உருவிக் கொடுத்தேன். அம்மாவோடு தினமும் செய்கிற வேலைதானே. "பெரிய இன்ஜினு வேற" என்றார் அவர். "ஊர்வலம் நடக்குற வேகத்துலதேன் போகும். தெரு முக்குக்குள்ள கொதிச்சு நின்னுருச்சு. மாப்பிள்ள கோட்டு சூட்டோட எறங்கித் தள்ளுனாரு." அம்மா சொன்னது கிட்டத்தட்ட நடந்திருக்கிறது பார்.

நீ கேட்ட கதவைப் பற்றி அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்னொன்று. ரோஸ்மேரி சித்தி உனக்குச் சித்தையன்கோட்டையில் ஒரு பெண் பார்த்திருக்கிறாள். ஈஸ்டருக்கு நீ வந்ததும் போய்ப் பார்க்க வேண்டுமாம். அம்மா சரியென்று சொல்லிவிட்டாள். உனக்குச் சம்மதமா?

எனக்கு இங்கே இருப்பே கொள்ளவில்லை அண்ணா. பத்தாவதோடு நின்றதிலிருந்து வீடு, பூ, பஸ் ஸ்டாண்ட், வீடு. அந்த இன்னொரு சீட்டில் நீ என்னை உட்காரவைத்து மெட்ராஸ் கூட்டிப் போவாய் என்று அம்மாவிடம் சொன்னேன்.

உன் தங்கச்சி,
ரூபி

ஒரகடம்,
20 பிப்ரவரி 2025

ரூபிக்கு,

கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பதால் அதிகம் எழுத நேரமில்லை. சின்ன இன்ஜினே போதுமோ என்று தோன்றுகிறது. இல்லை, பெரியதே இருக்கட்டும். சக்கரத்தை யோசித்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் உறுதி செய்ய வேண்டாம் என்று சகாயராஜ் அண்ணனிடம் சொல்.

பெண் பார்க்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்.

பிராங்கிளின்

திண்டுக்கல்,
2 மார்ச் 2025

அண்ணா,

போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று என்று நான் மாற்றி மாற்றிப் போய்ச் சொல்கிறேன். ஷெட்டில் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். "ஏம்மா, ஒங்க அண்ணன் காரு வாங்குறாரா, பொண்ணு பாக்குறாரா? இம்புட்டு யோசிக்கிறாரு" என்றார் சகாயராஜ் அண்ணன். தவக்காலம் முடிந்ததும் கல்யாணங்கள் வந்துவிடும், அவருக்குக் கை ஓயாது. இந்த மாதத்துக்குள் சொன்னால்தான் ஈஸ்டருக்கு வண்டி கிடைக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. கல்யாண வாடகைக்கு யாரும் இரண்டு சீட்டு வண்டி வாங்க மாட்டார்கள். உனக்கு இது தெரியாமல் இருக்காது. நான் சேலை கட்டுவதில்லை, அதனால் கதவைப் பற்றி நீ எனக்காகவும் கேட்கவில்லை.

அந்த இன்னொரு சீட்டு யாருக்கு?

ரூபி

ஒரகடம்,
10 மார்ச் 2025

ரூபி,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. கடைசித் தாளில் சக்கரத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் படி.

அந்தச் சீட்டு பாஸிலாவுக்கு. எங்கள் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் வேலை செய்கிறாள். நம் ஊர்தான், பேகம்பூர்ப் பள்ளிவாசல் பக்கம். இரண்டு வருஷமாக லீவுக்கு ஒரே பஸ்ஸில்தான் ஊருக்கு வருகிறோம். இறங்கியதும் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கு ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விடுவோம். போன வருஷப் பொங்கலுக்கு அவள் ஆட்டோவிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கார் ஆசை வந்தது. கூரை இல்லாத வண்டியில் ஒளிந்துகொள்ள முடியாது.

அவளுடைய அம்மா மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது சரியென்றுவிட்டார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே இருவரும் நம் தெருவுக்குள் வரவேண்டும் என்று ஆசை. ஆனால் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனை எடுக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வீட்டில் உனக்குத்தான் பேச்சு வராது என்று சொல்வோம்.

அம்மா வேண்டாம் என்றால் நான் அங்கே வரமாட்டேன். காரும் வேண்டாம். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று நீயே பார்.

மெட்ராஸ் பற்றி நீ எழுதியதை நான் மறக்கவில்லை.

அண்ணன்

திண்டுக்கல்,
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னபடி சக்கரத் தாளை மட்டும்தான் படித்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள். "இம்புட்டுக் கனமான கடுதாசியில இம்புட்டுதேன் எழுதியிருக்கானா?"

"ஆமாம்மா."

"பொய் சொன்னா ஒன் காது செவக்கும். மிச்சத்தையும் படி."

படித்தேன். முதல் வரியிலிருந்து, அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே என்பதையும் சேர்த்தே படித்தேன். பாஸிலா என்ற பெயர் வந்த இடத்திலும் அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை, கட்டிக்கொண்டேதான் இருந்தாள். படித்து முடித்துப் பார்த்தால், கடைசி ஒரு முழம் நாரில் வெறும் முடிச்சுதான் இருந்தது. பூவே இல்லை.

அம்மா இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் போட்டாள். ரோஸ்மேரி சித்தி வந்தபோதும் பெண் பார்க்கும் பேச்சை எடுக்கவில்லை. படித்திருக்கக் கூடாதோ என்று எனக்கு இருந்தது. உனக்கு எழுத மூன்று தடவை தாளை எடுத்து மூன்று தடவையும் கிழித்தேன்.

நேற்றுக் காலை நிலக்கோட்டையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் கேட்டாள்.

"ஏண்டி, ரெண்டு சீட்டுதேன்னு சொன்னேல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எங்கிட்டு உக்கார்றது?"

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை. "நாம நடந்து போவோம்மா. பேண்டுக்காரங்களோட, வண்டிக்கு முன்னால" என்றேன்.

"மெதுவா ஓட்டச் சொல்லு. என் முட்டிய நெனச்சுப் பாக்கச் சொல்லு." கொஞ்ச நேரம் பூவைக் குவித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியணும்னு இருந்திருக்கான் பாரு. வரட்டும், இருக்கு அவனுக்கு. அந்தப் புள்ள மல்லி வைக்குமா, பிச்சி வைக்குமா? கேட்டு எழுது. வண்டிக்குப் பூவு நாந்தேன் கட்டுவேன், வெளிய குடுக்கக் கூடாது" என்றாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன்.

"என்னம்மா, பொண்ணு அமைஞ்சிருச்சா?" என்று எப்போதும் போலச் சிரித்தார் சகாயராஜ் அண்ணன்.

"அமைஞ்சிருச்சுண்ணே. சின்ன இன்ஜினே போடுங்க. சக்கரம் தட்டு."

"ஒங்க அண்ணன் கம்பிதான வேணும்னாரு?"

"கம்பி வேணாம். எங்கம்மா கட்டுற பூ மாட்டிக்கிரும்."

நீ மறுபடி மாற்றக்கூடாது. மாற்றினாலும் நான் போய்ச் சொல்லப்போவதில்லை.

பிறகு அவரிடம் கேட்டுவிட்டு, இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். துப்பட்டாவைக் கால் வரைக்கும் தொங்கவிட்டுக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினேன். துணி மாட்டவில்லை.

உன் தங்கச்சி,
ரூபி