சன்னலுக்கு வெளியே நின்ற அப்பாவுக்கு

எத்தனை தரம் கூப்பிட்டாலும் அலுக்காத என் அப்பா,

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். சேரம்பாடியில் இன்னும் மழை விடவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே குன்னூருக்கு மேலே, நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்று சொல்லவும் வேண்டும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய வருஷம் ஞாபகமிருக்கிறதா? நான் நாலாம் வகுப்பு. எனக்கு வலிப்பு வந்ததும் அந்த வருஷம்தான். மூன்று வேளையும் மாத்திரை தவறக் கூடாது என்றார் கூடலூர் டாக்டர். மத்தியான மாத்திரையை யார் கொடுப்பது?

"அதெல்லாம் நாங்க குடுக்கக் கூடாதுங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? நல்லாகட்டும், அப்புறமா கூட்டிட்டு வாங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

நீங்கள் சண்டை போடவில்லை. "எனக்கு வேலைதான் இல்லியே சார். நான் வெளிய உக்காந்துக்கிறேன்" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து என் வகுப்புச் சன்னலுக்கு வெளியே அப்படித்தான் உட்கார்ந்தீர்கள். மழையானால் தலையில் ஒரு சாக்கு. "பொண்டாட்டி கொழுந்து பறிக்கப் போறா, இவரு பள்ளிக்கூடம் போறாரு" என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். அம்மா அவர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். உங்களுக்கு வலித்ததா அப்பா? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ஃபேக்டரியில் பாதிப் பேரை மட்டும் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. அன்று சாயங்காலம் என் வகுப்பு நிர்மலா டீச்சர் முன்னால் போய் நின்று, மத்தியான மாத்திரையை அவர் கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். மறைக்காமல் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா."

"எனக்குந்தான் பயம் டீச்சர். என்னா செய்யணும்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குவமா?"

சனிக்கிழமை மூவரும் பஸ் ஏறினோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவி கம்பி எதுவும் கையில் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். டீச்சர் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே வகுப்பில் எனக்கு வலிப்பு வந்தது. அன்று நடந்ததை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. உங்கள் காரியத்துக்கு வந்த டீச்சர்தான் சொன்னார்.

நான் விழுந்ததும் பிள்ளைகள் அலறினார்களாம். டீச்சர் சன்னலைப் பார்த்தாராம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்களாம்.

"அண்ணா, உள்ள வாங்க!"

நீங்கள் தலையை ஆட்டினீர்களாம். "நீங்களே பாருங்க டீச்சர். நான் இங்கனதான் நிக்கிறேன்."

அழுதுகொண்டும் உங்களைத் திட்டிக்கொண்டும் டீச்சர் என்னை ஒருக்களித்து, தலைக்குக் கீழே தன் சால்வையை மடித்து வைத்தாராம். நான் கண் திறந்த பிறகுதான் நீங்கள் கம்பியை விட்டுவிட்டு அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தீர்களாம்.

"அன்னிக்கு உங்கப்பா உள்ள வந்திருந்தா நான் பயந்துட்டேதான் இருந்திருப்பேன் வசந்தி" என்றார் டீச்சர். மறுநாள் நீங்கள் ஃபேக்டரிக்குப் போனீர்கள். அன்றிலிருந்து என் மத்தியான மாத்திரை டீச்சர் கையில்.

பெற்ற பிள்ளை தரையில் துடிக்கும்போது எப்படியப்பா அங்கேயே நின்றீர்கள்? உள்ளே ஓடி வருவதல்லவா சுலபம்? இதைத்தான் கேட்க வேண்டும்.

இனி சொல்ல வேண்டியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு வலிப்பு. அவள் அம்மா கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவள். டீச்சர்கள் கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறார்கள். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பேச்சு. திங்கட்கிழமை எல்லாரும் கூடி முடிவு செய்யப்போகிறார்கள்.

என்னைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது அப்பா. வலிப்பு வந்து பல வருஷமாகிறது, ஆனாலும் மாத்திரையை விடவில்லை. சமையலறைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று விழுங்குகிறேன். "சொல்லித் தொலைச்சிறாத பாப்பா, வேலைக்கு ஒல வச்சிருவாங்க" என்கிறாள் அம்மா. அவள் பயமும் நியாயம்தான்.

ஆனாலும் திங்கட்கிழமை நான் எழுந்து நிற்பேன். "நானும் இப்படி வலிப்பு வந்த பிள்ளையா இருந்தவதான். அவளுக்கு மாத்திர நான் குடுக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. மத்தியானம் அந்தப் பெண் பிள்ளையும் நானும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு, யாரிடமும் மறைக்காமல் மாத்திரை போட்டுக்கொள்வோம்.

உங்கள் மகளாகப் பிறந்த,
வசந்தி