எங்கள் வண்டி பாஷையில் பியானோ ஏறியது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், என் இடுப்பு மட்டும்தான் நலமில்லை, அதுவும் இந்த வாரம் பெருமையில் வலியை மறந்து நிமிர்ந்து நிற்கிறது. அங்கே நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பிடுங்கிக்கொண்டு அவளே சொல்லிவிடுகிறாள், அதுவும் நான் அசடு வழிந்த இடத்தை மட்டும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் தலைக்கனத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முதலில் வீட்டுச் செய்தி. அக்கா மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, கடிபடாத ஆள் வீட்டில் பாக்கி இல்லை. சித்தப்பா உடம்பைக் குறைக்கிறேன் என்று சைக்கிள் வாங்கி, ஒரு நாள் ஓட்டி ஒரு வாரம் படுத்திருந்தார். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான் சரிசெய்ததால் அல்ல, நான் ஸ்பானரை எடுத்ததைப் பார்த்ததும் அம்மா பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டதால்.

இனி என் கதை. வீடு மாற்றும் எங்கள் கம்பெனியில் நீ போன பிறகு என் வண்டிக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தாடிக்காரர், என் வயசு, மாடு மாதிரி உழைப்பவர். இன்னொருவன் நெட்டையன், நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. அவர் பாஷை ஒன்று, இவன் பாஷை இன்னொன்று, என் பாஷை உனக்குத் தெரியும். மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டிரைவர் தம்பி மட்டும் நம்ம ஆள், எல்லாருடைய பாஷையிலும் அரைகுறையாகப் பேசுவான். இவர்களோடு வேலை செய்வது போல ஒரு சுகம் எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. ஒரு பீரோவுக்கு முன்னால் நாங்கள் மூவரும் போய் நின்றாலே அது பாதி எடை குறைந்துவிடும். சிக்கல் எல்லாம் வாயைத் திறந்தால்தான். டிரைவர் தம்பி என்னை "அண்ணே அண்ணே" என்று கூப்பிடுவதைக் கேட்டு நெட்டையன் பல நாள் குழம்பிப் போயிருந்திருக்கிறான். அவன் பாஷையில் அந்தச் சத்தத்துக்கு அம்மா என்று அர்த்தமாம். மீசை வைத்த ஆளை எதற்கு அம்மா என்கிறார்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, மரியாதைக்கு அவனும் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தான். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பெத்துப் பாத்திருந்தா தெரியும்" என்றாள்.

தாடிக்காரர் பாஷையில் "வா" என்றால் போ. இது தெரிந்ததும் எனக்குப் பெரிய அறிவாளி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. பல் டாக்டர் வீட்டு பீரோவை ஏற்றும்போது அவர் மாடிப்படியின் மேல் முனையில், நான் கீழ் முனையில், நெட்டையன் நடுவில். அவர் மேலே போகட்டும் என்று அவர் பாஷையிலேயே பெருந்தன்மையாக "வா" என்றேன். அவரும் பெருந்தன்மைக்காரர், எனக்குத் தெரியாமல் டிரைவர் தம்பியிடம் கேட்டு, நம் பாஷையில் அதற்கு நேர் எதிர் அர்த்தம் என்று கற்றுக்கொண்டு வந்திருந்தார். என்னை நோக்கி இறங்கினார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன், அவர் இன்னும் வேகமாக இறங்கினார். பீரோ திருப்பத்தில் ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொண்டது. ஆத்திரத்தில் "இது பீரோவா கல்லா" என்று நான் கத்த, நெட்டையனுக்கு "கல்" என்றால் அப்படியே இரு என்று அர்த்தம், அவன் சிலையாகிவிட்டான். டாக்டர் வீட்டுக்குள் அடைபட்டு, மேலே இருந்து எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார், அது நான்காவது பாஷை. கடைசியில் பீரோவின் கதவையெல்லாம் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தோம்.

எங்கள் மேனேஜரை எல்லாரும் டேப்பு என்போம், கையில் அளக்கும் டேப் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு வண்டிக்கு ஒரு பாஷை, என்னை வேறு வண்டிக்கு, நெட்டையனை அடுத்த கிளைக்கு, தாடிக்காரர் பாஷை பேச வேறு ஆள் இல்லாததால் அவர் குடோனில் தனியாகப் பெட்டி அடுக்கட்டும் என்றுவிட்டார். தாடிக்காரர் கையுறையைக் கழற்றி மடித்து மடித்துப் பிரித்தார். அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. இசைப்பள்ளி மூன்றாம் மாடிக்கு ஒரு பியானோ ஏற வேண்டியிருந்தது, எந்த வண்டிக்காரனும் தொடத் தயாராக இல்லை. "அத எங்ககிட்ட குடுங்க சார், ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க சொன்ன மாதிரியே பிரிச்சிருங்க" என்றேன். டேப்பு சரி என்றார். வீட்டில் அம்மா, "வாயாலயே பீரோவை மாட்டி வெச்சீங்க, அதே வாயால பியானோவையும் வாங்கிட்டு வந்துட்டீங்களா" என்றாள்.

மறுநாள் வண்டியின் பின்பலகையில் டீயோடு உட்கார்ந்து, டிரைவர் தம்பி பாஷை மாற்றிச் சொல்லச் சொல்ல, மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் யாருக்காகவும் பெருந்தன்மை காட்ட வேண்டாம். மூன்று பாஷையிலும் ஒன்றுமே இல்லாத சத்தம் இரண்டு வேண்டும், மேலே ஏற்ற ஒன்று, அசையாமல் நிற்க ஒன்று. வா போ என்பதே கூடாது, அது சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்து மாறும், மேல் என்பது எல்லாருக்கும் மேல்தான். கேட்க எளிதாக இருக்கிறதா, தேடிப் பார். நான் எதைச் சொன்னாலும் ஒருவருக்கு அது ஏதோவாக இருக்கிறது. "போ" என்றால் தாடிக்காரருக்குத் தோல். "பல்" என்றால் நெட்டையனுக்குத் தேன். "சரி" என்பது அவன் காதில் மஞ்சள் மாதிரி விழுமாம், இத்தனை நாளாக நான் சரி சரி என்ற போதெல்லாம் பாவம் மஞ்சளைத் தேடியிருக்கிறான். நீ படித்த பிள்ளை, இதற்குக் காரணம் சொல்வாய். பத்தாவதோடு நின்ற எனக்குத் தோன்றியது இதுதான், மனிதர் வாயில் வரும் சத்தம் கொஞ்சம், சொல்ல வேண்டியது ஏராளம், அதனால் ஒரே சத்தத்தை ஆளுக்கொரு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். டீ ஆறிப் போய், வயிறு வலிக்கச் சிரித்து, கடைசியில் ஏற்ற "ஜம்பிலி", நிற்க "டுக்லு" என்று முடிவானது. இரண்டுக்கும் யார் வீட்டிலும் சொந்தமில்லை. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடோன் படியில் ஏறி இறங்கிப் பழகினோம், மற்ற வண்டிக்காரர்கள் எங்களுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பியானோ ஏற்றும் அன்றைக்கு டேப்போடு டேப்பும் வந்து நின்றார். முதல் மாடி, இரண்டாம் மாடி, ஜம்பிலி, டுக்லு, ஜம்பிலி. கடைசித் திருப்பத்தில் சுவருக்கும் பியானோவுக்கும் நடுவே ஒரு விரல்தான் போகும். பழைய சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன். கீழே இருந்து டிரைவர் தம்பி "அண்ணே, பாத்து" என்று அலறினான், நெட்டையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டுக்லு என்றேன், மூன்று பேரும் மூச்சையும் நிறுத்தினோம். மேலிருந்து தாடிக்காரர் மெதுவாக, குழந்தையைக் கூப்பிடுவது போல, ஜம்பிலி என்றார். ஏறிவிட்டது கண்ணு. டேப்பு கைவிளக்கை அடித்து நாலு பக்கமும் தேடினார், கீறல் என்று சொல்ல ஒரு மயிரிழை இல்லை. பாட்டு டீச்சர் மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினார், அந்தச் சத்தம் மாடி முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. நெட்டையன் அழுதான், தூசி என்றான். டேப்பு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அது எந்த ஊர் பாஷை என்று கேட்டார். எங்கள் வண்டி பாஷை என்றேன். சனிக்கிழமை எல்லா வண்டிக்காரர்களுக்கும் அதை நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து சொல்லிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "மூன்று பேரும் சேர்ந்து" போதும். படியில் நின்ற தாடிக்காரரிடம் டிரைவர் தம்பி அதை அவர் பாஷையில் சொன்னான். அவர் கையுறையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இறக்க இன்னும் எட்டு நாற்காலி இருக்கிறது என்று வண்டியைக் காட்டினார்.

எல்லாரும் உன்னை மெச்சும்படி, நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இரு. குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கு, அழகைப் பார்க்காதே, அடிப்பாகத்தைப் பார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் அப்பா