காளைகள் நின்ற நடையில் உங்கள் வண்டி

டீச்சர்,

இன்று காலை மேற்குத் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது சந்தன வாசனையும் கிரீஸ் வாசனையும் ஒன்றாக வந்தன. ஆயுத பூஜை. டிரைவர்கள் வண்டிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்று தனியாகச் சிரித்தேன். "இன்னா சார், எங்க போவணும்?" என்றார் ஒருவர். அவருக்கு உங்களைப் பற்றி எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நீங்கள் காலமாகி இரண்டு வருடம் ஆன பிறகும் உங்களுக்கே எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் நாம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். நான் பின்கட்டில், செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ரயிலேறிப் போகும் வக்கீல் குமாஸ்தா. நீங்கள் முன்னறையில், மிஷன் பள்ளியின் கணக்கு டீச்சர். இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் நடக்காமல் போனதால், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பள்ளிக்குப் போவீர்கள். இந்த வீட்டுக்கு முன் பதினோரு வீடு பார்த்திருந்தீர்கள். எல்லாவற்றிலும் வாசற்படி. இங்கே மட்டும் படி இல்லை. கருணை காரணமல்ல. வீட்டுக்காரர் விவசாயம் பார்த்த காலத்தில், காளைகள் உள்ளே வந்து நிற்பதற்காக, வாசலை அடுத்த இடைகழியான நடையைத் தரையோடு தரையாகக் கட்டியிருந்தார். நிலம் மனைகளாகிவிட்டது, காளைகளும் விற்றாகிவிட்டன. அவை நின்ற இடத்தை மட்டும் மரியாதையாகக் காலி வைத்திருந்தார்.

"ரூம் உங்களுக்குத்தான் வுட்டேன் டீச்சரம்மா, வண்டிக்கு இல்ல. தெருவுலயே நிக்கட்டும். நடைய அடைச்சுக்கினு நின்னா லட்சுமி எப்டி உள்ள வருவா?"

"வண்டியில ஏறிக்கச் சொல்லுங்க சார். நானே கூட்டிட்டு வந்துடறேன்."

அவர் சிரிக்கவில்லை. வண்டி தெருவில் நின்றது. வாசலிலிருந்து உங்கள் அறைக்குப் பதினெட்டடி. அதை நீங்கள் தரையில் கையூன்றி நகர்ந்து கடந்தீர்கள். தூக்கிவிட ஓடி வந்த என்னை நிறுத்தினீர்கள். "வேணும்னா கேப்பேன் தம்பி. கேக்கறப்போ வா."

புரட்டாசி மழை தொடங்கியது. செயின் துருப்பிடித்து இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதம். மூன்றாம் நாள் யாரையும் கேட்காமல் வண்டியோடு உள்ளே வந்து, காளைகளின் இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். "இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க" என்றார் வீட்டுக்காரர். வீடு போனால் அந்தப் பள்ளியும் போகும். படியில்லாத பதின்மூன்றாவது வீடு தாம்பரத்தில் இருப்பதாக யாருக்கும் தகவல் இல்லை.

நான் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். வாடகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. சக்கரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே சொந்தச் சரக்கில் நான்கு பக்க மனு எழுதினேன். நீங்கள் சிவப்பு மையில் திருத்தி, நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டீர்கள். "அழுகை ஜாஸ்தி, கணக்கு கம்மி. என்னைப் பார்த்து இரக்கப்பட எதுக்கு மனு? நடை ஆறடி, வண்டி மூணடி. மிச்சம் மூணடி. லட்சுமி அதுக்கு மேலயா அகலம்?"

திருத்திய மனுவை வீட்டுக்காரர் நிதானமாகப் படித்தார். "கையெழுத்து அழகா கீது" என்று மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். அதோடு சரி.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்காரர் வாசலிலிருந்து கிளம்பினார். மண்வெட்டி, பம்புசெட்டு, சைக்கிள், மீட்டர் பெட்டி, எங்கள் அம்மிக்கல். கண்ணில் பட்டதற்கெல்லாம் மூன்று விரலால் பட்டை. கை பழக்கத்தில் ஓடியது. நடைக்கு வந்தார். வருடாவருடம் காளைகளின் நெற்றியில் இட்ட இடம். அங்கே நின்றதற்கும் இட்டார். கைப்பிடிக்கு, மூன்று சக்கரங்களுக்கு, குங்குமத்தோடு. கற்பூரமும் காட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் எதிரில் நிற்பது எது என்று பார்த்தார்.

"ஐயயோ, இத்த வெளிய தள்ளுடா" என்று என்னைக் கூப்பிட்டார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தார். "இன்னா பேசற நீ? பூஜ போட்டத இன்னிக்கு நவுத்துவாங்களா?"

"அப்ப நாளிக்கு."

"நாளிக்கு விஜயதசமி. வண்டிய வெளிய தள்ற வேலய அன்னிக்கு ஆரம்பிச்சா, வருசம் பூரா தள்ளிக்கினே இருப்ப."

அவர் என்னைப் பார்த்தார். சட்டப் புத்தகம் புரட்டியவன் என்ற முறையில் நான் கூரையைப் பார்த்தேன். நீங்கள் அறை வாசலில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "பொரி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா அம்மா?" என்றீர்கள்.

விடுமுறை முடிந்து, கைப்பிடியில் வாடிய சாமந்தி மாலையோடு பள்ளிக்குப் போனீர்கள். தலைமை ஆசிரியை கண்ணாடியை இறக்கிப் பார்த்தாராம். "வண்டி மட்டும் மதம் மாறிடுச்சு மேடம்" என்று சொன்னதாக அன்று மாலை நீங்களே சொன்னீர்கள். நான் ரயிலில் வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தேன்.

காலி பண்ணும் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஆறு வருடம் அங்கே இருந்தீர்கள். பிறகு கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டீர்கள். அடுத்த வாரம் மழைக்கு என் சைக்கிளை அந்த இடத்தில் நிறுத்தினேன். பின்கட்டுவரை கேட்டது வீட்டுக்காரரின் குரல்.

"யார்ரா அங்க சைக்கிள வுட்டது? அது டீச்சரம்மா வண்டி எடம்!"

எடுத்துத் தெருவில் வைத்தேன், டீச்சர். நனைந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் கீழ்ப்படிந்ததில்லை.