சந்தியில் கூடையோடு நிற்கும் அக்காவுக்கு

என் ஆசை அக்காவுக்கு,

நீ இப்போது லுணுகலை வீதிச் சந்தியில் நிற்கிறாய். யாரைக் கேட்டு நிறுத்தினார்கள் என்று கேட்காதே. யாரையும் கேட்கவில்லை, என்னையும்தான்.

பக்கத்து லயத்து வீட்டு மேசன் முருகேசு அண்ணன் செய்த வேலை. குளவி கொட்டி நீ செத்துப்போன பிறகு உன் போட்டோ ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். எதற்கென்று நானும் கேட்கவில்லை. மொனராகலையில் அவர் வேலை செய்த இடத்திலேயே சிலையைச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சீமெந்தில் நீ. அதே நெற்றி, அதே பிடிவாதமான உதடு. முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, அதன் கயிறு தலையில்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. கோபம்தான் வந்தது. குளவிக் கூடு கலைந்தபோது மற்றவர்கள் ஓடினார்கள். உன்னால் ஏன் ஓட முடியவில்லை? அந்தக் கயிறு சிக்கிக்கொண்டதால்தானே? எல்ல டவுனில் ஒரு ஹோட்டல் வேலை கிடைத்தால் கூடையை வீசிவிட்டுப் போய்விடுவேன் என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய்?

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். "அந்த எடம் எங்க தலைவர் செலைக்குன்னு எப்பவோ பேசி வெச்சது" என்றார் தொழிற்சங்கத்துக்காரர்.

"தலைவருங்களுக்கு ஊரெல்லாம் செலை இருக்குங்க. எங்க பொம்பளைங்கள்ல ஒருத்திக்கு எங்க இருக்கு?" என்று முருகேசு அண்ணன் எழுந்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

தட்டல் அடங்கியதும் நான் சொன்னேன்: "செலை இருக்கட்டும். கூடைய மட்டும் எடுத்துடுங்க. எங்கக்காவக் கொன்னதே அதுதான்."

உன்னோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த புஷ்பம் அக்கா எழுந்தார். "கூடைய எடுத்துட்டா அங்க நிக்கிறது யாரோ ஒருத்தி, சாந்தி. அப்பறம் அந்தச் செலையில நாங்க எங்க இருக்கோம்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கூடை அப்படியே இருக்கிறது.

போன வாரம் பிரதேச சபையிலிருந்து மண்வாரும் பெக்கோ இயந்திரத்தோடு வந்தார்கள். அனுமதியில்லாத சிலையாம், உடைக்க வேண்டுமாம். பதுளைக் கடைக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் ஓடிப்போய் உனக்கு முன்னால் நின்றுவிட்டேன். ஏனென்று யோசிக்கவே இல்லை. கொழுந்தெடுக்க மலைக்குப் போன பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

"ஒங்களுக்கு யாருங்க இது?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்கக்கா" என்றேன்.

"நாங்கதாங்க" என்றார் எனக்குப் பின்னால் நின்ற புஷ்பம் அக்கா.

பெக்கோ திரும்பிப் போனது. அடுத்த சபைக் கூட்டம்வரை கை வைக்க மாட்டார்களாம். அதற்குப் பிறகு?

பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று மனம் அலைபாய்கிறது. நீ அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய் அக்கா? என் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

கூடைக்காக நம் ஆட்களோடு நான் சண்டை போட்டுக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் வெளியிலிருந்து யார் உடைக்க வந்தாலும், கூடையையும் சேர்த்தே காப்பாற்றுவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சாந்தி